தொண்டை எரியும்போது மிளகுக் கஷாயம் எதற்கு? சளிக்கு எதை, எப்போது, எப்படிக் குடிப்பது

கேட்டவர் வேளச்சேரிக்காரர். நாலு நாளாகச் சளி, மூக்கடைப்பு, தொண்டையில் எரிச்சல், பகல் முழுக்க ஆபீஸ் ஏசி. வீட்டில் அம்மா சுக்கு, மிளகு, இஞ்சி, துளசி, மஞ்சள், ஓமம் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு அரைமணி நேரம் கொதிக்க வைத்துத் தருகிறார், குடித்தால் தொண்டை இன்னும் எரிகிறது. சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் மூலிகை டீ டப்பா வாங்கினால் தேவலையா, மூன்று வயது மகளுக்கும் இதெல்லாம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் மேற்கு மாம்பலத்தில் மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக இருக்கிறேன், பெரியப்பா வைத்திருந்தது நாட்டு மருந்துக் கடை. இரண்டு கல்லாவிலும் நின்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் அம்மா போடும் சாமான் ஒவ்வொன்றும் நல்லதுதான். எல்லாம் ஒன்றாகச் சேர்வதில்தான் சிக்கல். மூக்கடைப்புக்கு வேண்டியது காரம். புண்ணாகிக் கிடக்கும் தொண்டைக்கு வேண்டியது இனிப்பும் வழவழப்பும். மிளகில் உள்ள பைபெரின், சுக்கில் உள்ள ஷோகால் எல்லாம் வாயிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் அதே நரம்பு முனைகளைத்தான் தூண்டுகின்றன. அதனால் மூக்கு ஒழுகும், எச்சில் ஊறும், அடைப்பு விட்ட மாதிரி இருக்கும். அதே காரம் வீங்கிச் சிவந்த தொண்டையில் பட்டால் எரியாமல் என்ன செய்யும்? ஆகவே முதலில் இன்றைக்கு உங்களைப் படுத்துவது தொண்டையா, மூக்கா, நெஞ்சா என்று பாருங்கள். அதைப் பொறுத்துத்தான் பாத்திரம் அடுப்பில் ஏற வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சளி வைரஸால் வருவது, பெரும்பாலும் ரைனோவைரஸ். ஏழு முதல் பத்து நாளில் தானாகப் போகும், இருமல் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கலாம். எந்தக் கஷாயமும் தொண்டையில் இருக்கும் வைரஸைக் கொன்று ஓட்டிவிடாது. ஆன்டிபயாடிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது, கடைக்கு வந்து 'அந்த மூணு நாள் மாத்திரை குடுங்க' என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

அப்படியென்றால் எதற்குக் குடிப்பது? சுகத்துக்கு. அது சின்ன விஷயம் கிடையாது. இங்கிலாந்துப் பக்கம் வேல்ஸில், கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளிக்கென்றே ஒரு ஆய்வு மையம் இருந்தது. 2008-ல் அங்கே சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழச்சாற்றைச் சிலருக்குச் சூடாகவும் சிலருக்கு அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தவர்களுக்கு மூக்கு ஒழுகல், தும்மல், இருமல், தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதி எல்லாமே உடனே குறைந்தன. ஆறியதைக் குடித்தவர்களுக்கு ஒழுகல், இருமல், தும்மல் மட்டும் குறைந்தது, தொண்டை வலியும் அசதியும் அப்படியே. இதில் வேடிக்கை என்னவென்றால், மூக்கின் காற்றோட்டத்தைக் கருவி வைத்து அளந்தபோது இரண்டு கூட்டத்திலும் மாற்றமே இல்லை. அடைப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் ஆளுக்கு நிம்மதி. மாத்திரையை மட்டம் தட்டவில்லை, ஆனால் மூக்கடைப்புக்கு விற்கும் பல மாத்திரைகளில் இருக்கும் ஃபினைலெஃப்ரின், வாய்வழியாகச் சாப்பிட்டால் பலனில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழுவே 2023-ல் சொல்லிவிட்டது. ஒரு டம்ளர் சுக்குக் காபி அதற்குக் கீழே நிற்க வேண்டிய அவசியமில்லை.

சரி, தொண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்களுக்கு இப்போது அதுதான் முக்கியம்.

தொண்டை எரிச்சலுக்கு என்னைக் கேட்டால் அதிமதுரம்தான் முதல். நாட்டு மருந்துக் கடையில் குச்சியாகக் கேட்டு வாங்குங்கள், பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. வெட்டினால் உள்ளே மஞ்சளாக, நாராக இருக்கும், மென்றால் முதலில் மண் வாசனை, அப்புறம் நாக்கை விட்டுப் போகாத ஒரு தித்திப்பு. சுண்டுவிரலில் பாதி நீளத் துண்டை நசுக்கி ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு, சின்னத் தீயில் ஒரு டம்ளராக வற்றவிட்டு, வடிகட்டி வெதுவெதுப்பாக மடக்கு மடக்காகக் குடியுங்கள். சர்க்கரையே வேண்டாம். அந்தத் தித்திப்பு எச்சிலை ஊற வைக்கிறது, அந்த ஈரம் தொண்டையில் படர்ந்து கிடப்பதால் கொஞ்ச நேரம் எரிச்சல் அடங்கும். மார்கழிக் கச்சேரிகளில் மேடையில் பாடகர் பக்கத்தில் ஒரு பிளாஸ்க் இருக்குமே, அதில் பலருக்கு வெந்நீர், சிலருக்கு இந்த அதிமதுரத் தண்ணீர்.

ஆனால் இதைக் குடிக்கக் கூடாதவர்கள் உண்டு. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீர் போக மாத்திரை எடுப்பவர்கள், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். மற்றவர்களும் மூன்று நாலு நாளைக்கு, தினம் ஒரு டம்ளரோ இரண்டோ, அவ்வளவுதான். 'மூலிகைதானே' என்று மாதக்கணக்கில் குடித்துவிட்டுக் கால் வீங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு பிபி இருந்தால் உங்களுக்குப் போட்டதையே அவரும் குடிக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிபி இருப்பவர்களுக்கு மாற்று, பனங்கற்கண்டு போட்ட பால். ராத்திரி படுக்கும் முன், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், தட்டிப்போட்ட மிளகு இரண்டே இரண்டு. மஞ்சளில் உள்ள குர்குமின் தனியாக உடம்பில் சரியாகச் சேராது, மிளகும் பாலின் கொழுப்பும் சேர்ந்தால்தான் கொஞ்சமாவது சேரும், அதற்குத்தான் அந்த இரண்டு மிளகு. பால் குடித்தால் சளி கட்டும் என்று ஒரு பயம் ஊரெங்கும் இருக்கிறது. பால் எச்சிலோடு கலந்து கெட்டியாகத் தோன்றுகிறதே தவிர, சளியைக் கூட்டுவதாகச் சோதனைகளில் தெரியவில்லை. உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் விடுங்கள், கட்டாயமில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: பனங்கற்கண்டும் கருப்பட்டியும் சர்க்கரைதான், சாதுவான பெயர் இருப்பதால் சுகர் ஏறாமல் இருக்காது.

தேன் நல்லது, குறிப்பாக இரவு இருமலுக்கு. புதிதாக வந்த இருமலுக்குத் தேனை முதலில் பாருங்கள் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டியே சொல்கிறது. கொதிக்கும் கஷாயத்தில் தேன் விட்டால் விஷமாகிவிடும் என்பது மிகை, ஆனால் வாசனை போய்விடும், குடிக்கிற சூட்டுக்கு ஆறியபின் விடுங்கள். எலுமிச்சையை மட்டும் தொண்டை ரணமாக இருக்கும்போது தள்ளி வையுங்கள், புளிப்பு சுரீர் என்று பிடிக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பது கஷாயத்தில் சேராது என்றாலும் அதை விட்டுவிடாதீர்கள். வலி அதிகமென்றால் பாராசிட்டமாலும் போடலாம், கஷாயம் குடிக்கும்போது மாத்திரை போடக்கூடாது என்று ஒன்றும் இல்லை.

சூடு பற்றி ஒன்று. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதை உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு அநேகமாகத் தொடர்புள்ளது என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் வைத்தது. நமக்கு இதற்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. டவராவில் ஊற்றி நாலு ஆற்று ஆற்றினால் சரியாக வந்துவிடும்.

இப்போது மூக்கு. தலை பாரம், மூக்கடைப்பு, உடம்பு வலி, தொண்டையில் பெரிய எரிச்சல் இல்லை என்றால், அப்போதுதான் சுக்கு மல்லி காபி. கொத்தமல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், ஏலக்காய் ஐந்தாறு. மல்லியையும் சீரகத்தையும் வாசனை வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, எல்லாவற்றையும் கொரகொரப்பாகப் பொடித்து டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். டம்ளருக்கு ஒரு டீஸ்பூன், ஐந்து நிமிடக் கொதி, கருப்பட்டி, வடிகட்டல். இதில் மல்லிதான் நாயகன், சுக்கை ஏற்றி ஏற்றி மல்லியைக் குறைத்தால் வயிறு எரியும். சுக்கைப் பொடிக்கும் முன் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். 'சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு' என்பது பெரியப்பா கடையில் சுக்கு கட்டும்போதெல்லாம் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கிடைக்கும் வாசகம். நஞ்சோ இல்லையோ, அந்தத் தோலில் மண்ணும், வெள்ளையாகத் தெரியப் பூசிய சுண்ணாம்பும் ஒட்டியிருக்கும்.

சுக்கும் இஞ்சியும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் ஷோகாலாக மாறுகிறது, அது இன்னும் காரம். அதனால் இஞ்சி டீ மென்மை, சுக்கு முரடு. தொண்டையும் மூக்கும் இரண்டும் படுத்தினால் காலையில் சின்ன இஞ்சித் துண்டு போட்ட டீயோடு நிறுத்திக்கொண்டு, சாயங்காலம் அதிமதுரம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் இஞ்சி, மஞ்சள் இரண்டையும் சமையல் அளவோடு நிறுத்துங்கள், தினமும் கஷாயமாகக் காய்ச்சிக் குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை.

வேலை முடிந்து வரும் வழியில் சைக்கிளில் பித்தளைக் கேன் வைத்துச் சுக்குக் காபி விற்பவர் கண்ணில் பட்டால் அங்கேயே குடித்துவிடுங்கள், தப்பில்லை. பீச்சிலும் பார்க் வாசலிலும் காலையில் விற்கும் தூதுவளை சூப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. டம்ளரைக் கழுவும் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நெஞ்சுச் சளி. இங்கேதான் இலைகள் வருகின்றன, கற்பூரவல்லி, துளசி, தூதுவளை, ஆடாதொடை. உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் இரண்டாவது தவறு இங்கே இருக்கிறது: இலையை அரைமணி நேரம் கொதிக்க வைப்பது. கற்பூரவல்லியின் வாசனைக்குக் காரணம் கார்வக்ரால், தைமால் என்ற எண்ணெய்ச் சத்துகள் (ஓமத்திலும் தைமால்தான், அதனால்தான் கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்று இன்னொரு பெயர்). இவை ஆவியாகிப் பறக்கும் சரக்கு. அடுக்களை முழுக்க மணக்கிறது என்றால் டம்ளரில் ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். ஆகவே வேர், பட்டை, விதை எல்லாம் முதலில் கொதிக்கட்டும், அடுப்பை அணைத்தபின் கிள்ளிய இலையைப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வையுங்கள், மூடியில் கோத்திருக்கும் தண்ணீரையும் டம்ளரிலேயே தட்டிவிடுங்கள். துளசிக்கும் இதே முறை.

கற்பூரவல்லி சென்னைக்கு ஏற்ற செடி. ஒரு குச்சியை ஒடித்து பால்கனித் தொட்டியில் நட்டால் போதும், வெயிலையும் தாங்கும், நாம் தண்ணீர் ஊற்ற மறப்பதையும் தாங்கும், அதிகம் ஊற்றினால்தான் அழுகும். இரண்டு இலை ஒரு டம்ளருக்குக் கணக்கு. துளசியைக் கோயில் வாசல் பூக்கடையில் வாங்கினால் நன்றாக அலசுங்கள், அது மாலைக்காக வந்தது, குடிப்பதற்காக யாரும் வளர்த்ததில்லை. தூதுவளையைக் கீரைக்காரம்மாவிடம் சொல்லி வைத்தால் மறுநாள் கொண்டுவருவார், அதைக் கஷாயமாகக் காய்ச்சுவதைவிட ரசமாக வைத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. முள்ளை ஆய்ந்து எடுக்கும் வேலை மட்டும் கொஞ்சம் பொறுமை கேட்கும்.

ஆடாதொடை வேறு ரகம். 'ஆடாதொடைக்குப் பாடாத நாவும் பாடும்' என்பார்கள், ஆனால் அந்தக் கசப்பில் நாக்கு பாட ஆரம்பிக்க நேரமாகும். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் ப்ரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள், அதன் வழி வந்தது அம்ப்ராக்சால். உங்கள் வீட்டு இருமல் சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், சளியை இளக்கும் வகை என்றால் இந்த இரண்டில் ஒன்று அநேகமாக இருக்கும். அவ்வளவு வீரியம் உள்ள இலை என்பதால்தான் இதை டீ மாதிரி நினைத்துக் குடிக்காதீர்கள் என்கிறேன். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது, கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு.

அதே காரணத்துக்காகத்தான் கபசுரக் குடிநீரையும் டீ மாதிரி குடிக்காதீர்கள் என்கிறேன். 2020-ல் தெருவுக்குத் தெரு காய்ச்சிக் கொடுத்ததிலிருந்து பலரும் அதைத் தினசரி பானமாக்கிவிட்டார்கள். அது 15 சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து. குடிக்க ஆசையென்றால் அரும்பாக்கம் அரசு இந்திய மருத்துவமனையிலோ தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ டாக்டரைப் பார்த்து, அளவும் நாளும் கேட்டுக்கொண்டு குடியுங்கள். நிலவேம்பும் அப்படியே.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் இருமல் சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள், அந்த சிரப் நம் காஞ்சிபுரம் பக்கம் தயாரானது, அதன்பின் சிரப் என்றாலே பயப்படும் பெற்றோர் நிறையப் பேர் கடைக்கு வருகிறார்கள். பயம் நியாயம்தான். குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று பாட்டிலில் அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லியிருந்தது. ஆனால் சிரப் பயத்தில் பெரியவர்கள் கஷாயத்தைக் குழந்தை வாயில் ஊற்றுவதும் சரியில்லை. மூன்று வயதுக்கு, கற்பூரவல்லி இலை ஒன்றைத் தணலில் வாட்டிப் பிழிந்த சாறு அரை டீஸ்பூன், தேன் அரை டீஸ்பூன் கலந்து படுக்கும் முன், அது போதும். மிளகு, சுக்கு, அதிமதுரம், ஆடாதொடை எதுவும் வேண்டாம். வெந்நீர், காரம் குறைந்த ரசத் தண்ணீர், கஞ்சி தாராளமாக. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனை நக்கக்கூடக் கொடுக்காதீர்கள், பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம், சேனை வைக்கிறேன் என்று பெரியவர்கள் வந்தாலும் தடுத்துவிடுங்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது உங்களுக்குச் சரி, குழந்தையைக் கொதிக்கும் பாத்திரத்தின் முன் உட்கார வைக்காதீர்கள், தட்டிவிட்டுச் சுட்டுக்கொள்வதுதான் மிச்சம்.

சில தொண்டை வலிக்குக் கஷாயம் பதிலே கிடையாது. இருமலும் ஒழுகலும் இல்லாமல், நல்ல காய்ச்சலோடு தொண்டை மட்டும் கடுமையாக வலித்து, கழுத்தில் நெறி கட்டி, டான்சிலில் வெள்ளையாகத் தெரிந்தால் அது பாக்டீரியாவாக இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும், குழந்தைகளுக்குக் கவனிக்காமல் விட்டால் பின்னால் இதயத்தைப் பாதிக்கலாம். எச்சில்கூட விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, வாயைத் திறக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மழைக்காலத்தில் சளியே இல்லாமல் வரும் காய்ச்சலையும் கண்ணுக்குப் பின்னால் வலியையும் கஷாயத்தில் தள்ளிப்போடாதீர்கள், டெங்கு பரிசோதனை பண்ணிவிடுங்கள், அதுவரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம்.

இன்னொரு ரகம் சென்னையில் நிறைய, ராத்திரி பதினோரு மணிக்குப் பிரியாணி, உடனே படுக்கை, காலையில் எழுந்தால் தொண்டை கரகரப்பு, நாள் முழுக்கக் கனைப்பு. சளியே கிடையாது, வயிற்று அமிலம் மேலே வந்து தொண்டையைப் பதம் பார்க்கிறது. இவர்கள் வெறும் வயிற்றில் மிளகுக் கஷாயம் குடித்தால் நோய் இன்னும் கூடும். உங்களுக்குக் கஷாயம் குடித்ததும் எரிச்சல் நெஞ்சுவரை இறங்குகிறது என்றால் இதையும் யோசித்துப் பாருங்கள். சளிக்காக என்றாலும் எந்தக் கஷாயமும் சாப்பிட்டு அரைமணி கழித்து, ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்குள்.

கடைசியாக அந்த மூலிகை டீ டப்பா. வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம், ஆனால் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். சிலவற்றில் பெரும்பகுதி கிரீன் டீதான், துளசி பெயருக்குத்தான் இருக்கும். 'இனிப்புச் சேர்க்காதது' என்று போட்டும் தித்தித்தால் உள்ளே அதிமதுரம் இருக்க வாய்ப்பு அதிகம், பிபிக்காரர்கள் கவனிக்க. புதினா வகை குடிக்கும்போது மூக்கு திறந்த மாதிரி இருக்கும், அது மெந்தால் செய்யும் குளிர்ச்சி உணர்வு, அடைப்பு குறைவதில்லை, இருந்தாலும் மீட்டிங்குக்கு நடுவில் அந்த உணர்வே போதும் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் அதே காசுக்கு மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலோ பக்கத்துத் தெரு நாட்டு மருந்துக் கடையிலோ அதிமதுரம் 50 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 50 கிராம், பனங்கற்கண்டு கால் கிலோ, கூடவே சித்தரத்தை ஒரு சின்னத் துண்டு வாங்குவேன். சித்தரத்தை எதற்கென்றால், ஆபீஸில் கஷாயம் காய்ச்ச முடியாதே, அரிசி அளவு கிள்ளிக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டால் இருமல் வரும்போது கொஞ்சம் அடங்கும். ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடத்திலிருந்து நாற்காலியை நகர்த்தவும் முடிந்தால் நகர்த்துங்கள்.